ப்ரொவின்ஷியல் என்று ஒரு வார்த்தை

எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் நிழலில்தான் அவர்கள் வந்த வாடகை அம்பாசடர் நின்றது. என்னைப் பெண் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டுப்புடவையோடு உள்ளே நின்று, கேசரி ஒட்டிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கார்க் கதவைப் பிடித்தபடி மாப்பிள்ளையின் அக்கா தன் தம்பியிடம் இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். அதே நேரம் சேலம் ரோட்டில் ஒரு லாரி ஏர்ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. சத்தம் ஓய்ந்தபோது கடைசி வார்த்தை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"ப்ரொவின்ஷியல்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் என்றும் சொல்லிவிட முடியாது. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

போன வாரம் இந்தப் பகுதியில் அண்ணனின் டயர் கடையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த ஒருவர், "நடுவில் கல்யாணப் பேச்சு என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே" என்று கேட்டார். நழுவவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பித்தால் இந்த வார்த்தையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

புடிச்சிருக்காம்

எண்பதுகளின் நடுப்பகுதி. அதியமான்கோட்டையில் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்கு விவசாயம். அண்ணனுக்கு ரோட்டோரத்தில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடை. நான் தர்மபுரியில் சரித்திரம் எடுத்து பி.ஏ. முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் பரீட்சையும் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன்.

மாப்பிள்ளை பெங்களூரில் இன்ஜினியர். பெயர் சேகர். பூர்வீகம் அரூர் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர். அக்கா பிரமிளா அங்கே ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவர்.

பெண் பார்த்த அன்று சேகர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"வேலைக்குப் போற எண்ணம் இருக்குங்களா?"

"பரீட்சை எழுதியிருக்கேங்க. வந்தா போவேங்க."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

இரண்டொரு நாளில் தரகர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாப்ள வூட்ல எல்லாருக்கும் புடிச்சிருக்காம்ங்க. நிச்சயத்துக்கு நாள் பாக்கச் சொல்லிட்டாங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தரகருக்கு இளநீர் வெட்டினார். எனக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. அந்த வார்த்தை நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா? நல்லதென்றால் அக்கா ஏன் சிரிக்கவில்லை? கெட்டதென்றால் ஏன் பிடித்திருக்கிறது என்கிறார்கள்?

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னேன். அண்ணன் நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னான்.

மாகாணத்து உத்தியோகம்

அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா சொல்லுச்சு அந்தப் பொண்ணு? இன்னொருக்கா சொல்லு."

"ப்ரொவின்ஷியல்னு சொன்னாங்கப்பா."

"நீ பி.ஏ. படிச்சவதானே? உனக்கே தெரியாதா?"

"ப்ராவின்ஸ்னா மாகாணம்பா. வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் மாகாணம்னு இருந்துச்சில்ல, அது. அதை வச்சு ஒரு ஆளை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆர்.ஐ. மாமா. மனு எழுதுவது முதல் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வது வரை இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எதுவும் அவரிடம்தான் போகும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது.

"ப்ரொவின்ஷியல் சர்வீஸ்னா அந்தக் காலத்துல பெரிய உத்தியோகமாம். டெபுடி கலெக்டரெல்லாம் அதுலதான் வருவாங்களாம். நம்ம மல்லிகாவப் பாத்தா அந்த மாதிரி ஒரு தோரணை இருக்குன்னு சொல்லியிருக்குது அந்தப் பொண்ணு. வேற ஒண்ணுமில்ல."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவகிட்ட எங்கங்க தோரணை இருக்குது?"

அம்மாவின் சந்தேகம்தான் எனக்கும். ஆனால் அப்பா வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மொபசல் என்ற ஊர்

இந்த மாதிரி வார்த்தைகள் எங்கள் வீட்டை முன்பும் குழப்பியிருக்கின்றன. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஒரு பக்கம் நிற்கும், வெளியூர் பஸ் ஒரு பக்கம் நிற்கும். வெளியூர் பஸ்களை மொபசல் பஸ் என்பார்கள். என் அம்மா கர்நாடக எல்லையோரத்துக் கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த புதிதில், மொபசல் என்று ஒரு பெரிய ஊர் இருப்பதாகவும் எல்லா பஸ்ஸும் அங்கேதான் போகிறது என்றும் நினைத்திருந்தாராம். இத்தனை பேர் போகிறார்களே, நம்மை ஒரு தடவையாவது கூட்டிப்போகக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

அப்பாவுக்கும் சரியான அர்த்தம் தெரியாது. "அது ரொம்ப தூரம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஊருக்குள்தான் நாம் குடியிருக்கிறோம் என்று நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மாவுக்குச் சொன்னேன். மாவட்டம், தாலுகா, சின்ன டவுன் எல்லாமே மொபசல்தான் என்றேன். அம்மா நம்பவில்லை. அதிகம் சிரிக்காதவர், அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நேட்டிவ் என்றால் சொந்த ஊர். லோக்கல் என்றால் உள்ளூர். அதையே முகத்தைச் சுளித்துச் சொன்னால் மட்டமான ஆள். ஒரே வார்த்தை, வாயைப் பொறுத்து மாறும். அதனால்தான் எனக்கு பயம். அந்த அக்கா எந்த முகத்தோடு சொன்னார் என்பதை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் விளங்கவில்லை.

ஸ்டெல்லா சொன்னது

கல்லூரியில் என்னோடு படித்த ஸ்டெல்லா தர்மபுரியில் இருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் போனேன்.

வார்த்தையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"ப்ரொவின்ஷியலா? எங்க சிஸ்டர்களுக்கெல்லாம் மேல ஒரு பெரிய மதர் இருக்காங்க. அவங்களைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. வருஷத்துல ஒரு தடவ வருவாங்க. வந்தா ஸ்கூலே நடுங்கும்."

"அப்ப என்னையப் பாத்து ஏன்டி சொன்னாங்க?"

ஸ்டெல்லா யோசித்தாள். "மொகத்த உம்முனு வச்சிருந்தியா?"

வைத்திருந்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. துறவி மாதிரி இருக்கிறாள், குடும்பத்துக்குச் சரிவர மாட்டாள் என்று சொல்லியிருப்பாரோ என்று ஒரு புதுக் கவலை சேர்ந்தது.

இருவரும் நூலகத்துக்குப் போனோம். அட்டை கிழிந்த பெரிய அகராதி ஒன்று இருந்தது. மேஜையில் விரித்ததும் பழைய பசை வாசனை அடித்தது. முதலில் மாகாணம் சம்பந்தப்பட்டது என்று போட்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னும் இருந்தது. தலைநகரத்துக்கு வெளியே இருப்பவர்களின் நடை உடை. நாகரிகம் போதாத. குறுகிய மனமுள்ள.

ஸ்டெல்லா அகராதியை மூடினாள். "நாலும் இருக்குது மல்லிகா. இதுல எதுன்னு இந்தப் புஸ்தகத்துக்கு எப்படித் தெரியும்? சொன்ன ஆளைத்தான் கேக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது நான் கேசரித் தட்டை நீட்டிய விதம், உட்கார்ந்த விதம், "வந்தா போவேங்க" என்று சொன்ன விதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே நாகரிகம் போதாதவையாகத்தான் தெரிந்தன. நூல் வாங்க மறந்துவிட்டேன்.

தொப்பூரில் தக்காளி

நிச்சயப் புடவை எடுக்க பிரமிளா அக்கா பெங்களூரிலிருந்து தனியாக வந்தார். என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சேலம் போவதாக ஏற்பாடு. வந்ததும் அம்மாவிடம் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆயிற்றா என விசாரித்தார். அம்மா பூரித்துப்போனார். அதன்பிறகு பஸ் ஏறும்வரை இருவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த அக்காவை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏங்க, ஏங்க" என்றுகொண்டு பின்னால் போனேன். என்னைக் கேவலமாக நினைக்கிறவர் என் அம்மாவிடம் இப்படியா பேசுவார்?

தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு தக்காளி லாரி வளைவில் கவிழ்ந்திருந்தது. டிரைவருக்கும் கிளீனருக்கும் சிராய்ப்புதான். ஆனால் ரோடு முழுக்கத் தக்காளி. வெயிலில் நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசனையும் பிரேக் தீய்ந்த வாசனையும் கலந்து வந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டின.

பஸ்ஸில் இருந்த பெண்கள் இறங்கி, லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முந்தானையில் பொறுக்கத் தொடங்கினார்கள். அம்மாவும் போய்விட்டார். நானும் அக்காவும் ரோட்டோர ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் இரண்டு டீ சொன்னார்.

டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

"என்ன மல்லிகா, ஒடம்பு சரியில்லையா?"

"ஏங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்தப்ப, கார்கிட்ட நின்னு என்னைய ப்ரொவின்ஷியல்னு சொன்னீங்க. அது எந்த அர்த்தத்துலங்க?"

அவர் டம்ளரை வாயருகில் வைத்தபடி அப்படியே என்னைப் பார்த்தார்.

"உன்னையா? உன்னைச் சொன்னேன்னா நெனச்சே?"

"நான் ஜன்னல்கிட்ட இருந்தேங்க. காதுல விழுந்துச்சு."

"அய்யோ." டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நான் சேகரைச் சொன்னேன்மா. ‘டோன்ட் பி ஸோ ப்ரொவின்ஷியல்’னு அவனைத் திட்டினேன். பட்டிக்காட்டான் மாதிரிப் பேசாதேன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு உடனே, "பட்டிக்காடுன்னு சொல்றதும் தப்புதான். சின்ன புத்தின்னு வச்சுக்கோ" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அந்த ஒரு வாய்தான் நிம்மதி. அடுத்த வாய்க்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது.

"அவரு என்ன சொன்னதுக்குங்க நீங்க திட்டினீங்க?"

பாத்துக்கலாம்

அக்கா ரோட்டைப் பார்த்தார். போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி லாரியை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை நான் சொல்லணுமான்னு தெரியல."

நான் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"நீ வேலை வந்தா போவேன்னு சொன்னே இல்ல? அது அவனுக்கு இஷ்டமில்ல. பொண்ணு நல்லாருக்கா, ஆனா வேலைக்கெல்லாம் போறது வேண்டாம்னான். அதுக்குத்தான் திட்டினேன்."

"அப்புறம் எப்படிங்க புடிச்சிருக்குன்னு சொல்லி விட்டீங்க?"

"எங்கம்மாதான்... கல்யாணம் ஆகட்டும், அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. சரின்னு எல்லாரும் விட்டுட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும்தான் விட்டுட்டேன்" என்றார்.

இங்கிலீஷ் வார்த்தைக்கு நான் ஊரெல்லாம் அலைந்து நான்கு அர்த்தம் சேர்த்து வைத்திருந்தேன். "பாத்துக்கலாம்" தினமும் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. அதை யார் பார்த்துக்கொள்வார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? வேலைக்குப் போகட்டும் என்று முடியுமா, போக வேண்டாம் என்று முடியுமா?

அம்மா மடி நிறையத் தக்காளியோடு சிரித்துக்கொண்டே வந்தார். பஸ் கிளம்பியது. சேலத்தில் கடைக்காரர் என் தோளில் புடவை மாற்றிப் புடவை போட்டுக் காட்டினார். ஏதோ ஒன்றைக் கைகாட்டினேன். அதன் நிறம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. பின்னாளில் கேட்டால் அம்மா பச்சை என்பார், அண்ணன் ஊதா என்பான்.

ஞாயிற்றுக்கிழமை

நான் மாப்பிள்ளையோடு பேச வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். நிச்சயமாகாத பெண் அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அண்ணன் கத்தினான். அப்பா கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "வரச் சொல்லுங்க. பேசட்டும்" என்றார்.

சேகர் அடுத்த ஞாயிறு வந்தார். வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள் என்பதால் அண்ணன் கடையில் வைத்துப் பேசினோம். அன்று கடை லீவு. இருந்தாலும் காய்ந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. அண்ணன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எந்தக் குறையும் இல்லாத ஒரு டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேகர்தான் ஆரம்பித்தார். "அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க தப்பா நெனச்சிருப்பீங்க."

"நெனைக்கலைங்க. வேலைக்குப் போனா என்னன்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்."

"எங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தாங்க. ஷிப்டு வேலை. நாங்க ஸ்கூல் விட்டு வந்தா வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்ல சாவி வாங்கித் தொறக்கணும். அக்காவுக்கு அது ஜாலி. எனக்கு அந்தப் பூட்டைப் பாத்தாலே அழுகையா வரும்."

"அம்மா வேலைக்குப் போனது தப்புங்கறீங்களா?"

"இல்லைங்க. அவங்க போனதாலதான் நான் இன்ஜினியர். அதுவும் தெரியுது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் சொல்றது சரியான்னு எனக்கே தெரியலைங்க."

சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்கு ஏன் போகணும்னு இருக்கு?" என்று அவர் கேட்டார். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் யோசித்தேன். வீட்டுக்கு உதவி, சர்க்கார் வேலை, கௌரவம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். எதுவும் உண்மையாகப் படவில்லை.

"பரீட்சைக்குப் படிச்சேன் பாருங்க, அப்ப நான் சந்தோஷமா இருந்தேங்க. அது அதோட முடிஞ்சிரக் கூடாதுன்னு இருக்குது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க."

அவர் ரொம்ப நேரம் தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டினார் என்று இன்றும் நினைக்கிறேன். கிளம்பும்போது அண்ணனிடம் கை கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வரேங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பிடித்ததைவிட அன்று அதிகமாகப் பிடித்திருந்தது. அதுதான் பெரிய குழப்பம்.

ஊர் சொன்ன கதை

தரகர் வந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலைன்னு பொண்ணு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதுமாம்ங்க. நாளைக்கே நிச்சயம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா" என்றேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

புடவை பெங்களூருக்குத் திரும்பிப் போனது. அம்மா பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஊரில் இதற்குள் வேறு கதை உருவாகிவிட்டது. பெங்களூர்க்காரி இங்கிலீஷில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டாள், ரோஷக்காரப் பொண்ணு, மாப்பிள்ளையே வேண்டாமென்றுவிட்டாள் என்று. ஆர்.ஐ. மாமா, "அது கெட்ட வார்த்தை இல்லையே, பெரிய உத்தியோகமாச்சே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி ஓய்ந்துபோனார். நான் யாருக்கும் விளக்கவில்லை. எதை விளக்குவது? ஆள் நல்லவர், எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் வேண்டாமென்றேன் என்றா?

பிரமிளா அக்கா மட்டும் ஒரு தடவை வந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் அம்மாவோடு கன்னடத்தில் ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார்.

அரூர் பஸ்

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆர்டர் வந்தது. அரூரில், தாலுகா ஆபீஸில் வேலை. சேர வேண்டிய நாளன்று அப்பா என்னோடு தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். என் டிபன் பையை அவர்தான் பிடித்திருந்தார். அரூர் பஸ் இன்னும் வரவில்லை. மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கிறவர் அடுப்பில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இத்தனை மாதத்தில் அப்பா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்று திடீரென்று கேட்டார்.

"அந்தப் பையன் நல்லவனாம்மா?"

"நல்லவருதாம்பா."

"உனக்குப் புடிச்சிருந்துச்சா?"

நான் கீழே பார்த்தேன். "இருந்துச்சுப்பா."

"அப்புறம் ஏம்மா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் முண்டியடித்தது. அப்பா சட்டென்று என்னை விட்டு ஓடினார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு சீட்டில் போட்டார். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னை ஏற்றிவிட்டார்.

"அந்த ஜன்னல் சீட்டு. போய் உக்காரு. காத்து வரும்."

உட்கார்ந்தேன். பையை ஜன்னல் வழியாக நீட்டினார். பஸ் நகர்ந்தது. வெறும் தோளோடு அப்பா வெயிலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தேன், துண்டு என் மடியில் இருந்தது. ஜன்னல் வழியாக அதைத் தூக்கிக் காட்டினேன்.

"வச்சுக்கோ, வச்சுக்கோ" என்று அவர் கையைக் காட்டினார்.